பல்வலி, எலும்பு வலி, அழற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்வலி என்று ஆரம்பித்தாலே பேச்சு சொத்தைக்கும் பாக்டீரியாவுக்கும் போய்விடுகிறது. சொத்தை மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு, திடீரென்று ஓர் இரவு ஆளைச் சுருட்டிப் போடுகிறதே, அது எப்படி? சொத்தைக்கும் வலிக்கும் நடுவில் சில மூலக்கூறுகள் வேலை செய்கின்றன. எலும்பிலும் அவையேதான். அதனால் இரண்டையும் சேர்த்தே இங்கே பார்க்கலாம்.

அழற்சி என்றால் வீக்கம்தானே?

வீக்கம் அதில் ஒரு பகுதி. ரோமானியரான செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே நான்கு அடையாளங்களை எழுதி வைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. முதல் மூன்றும் ரத்தக்குழாய் சமாச்சாரம். குழாய் விரிந்தால் இடம் சிவக்கும், சுடும். குழாயின் சுவர் கசிந்தால் வீங்கும். வலி மட்டும் நரம்பின் கணக்கில் வருகிறது. ஆனால் குழாயை விரியச் சொல்வதும் நரம்பை உசுப்புவதும் பெரும்பாலும் ஒரே கூட்டத்து மூலக்கூறுகள்தான். அடிபட்ட செல்களும், அங்கே ஓடிவரும் வெள்ளணுக்களும் அவற்றை வெளியிடுகின்றன. ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்ல அனுப்புவதால், இந்தப் பக்கத்தில் அவற்றைத் தூது மூலக்கூறுகள் என்றே சொல்கிறேன்.

முக்கியமான தூது மூலக்கூறுகள் எவை?

பெயர்கள் பயமுறுத்தும். ஐந்தாறு தெரிந்தால் போதும்.

புரோஸ்டகிளாண்டின்கள் முதலில் வருகின்றன. 1930-களில் உல்ஃப் வான் ஆய்லர் இவற்றை விந்துத் திரவத்தில் கண்டு, புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதாக நினைத்து இந்தப் பெயரை வைத்தார். உடலில் ஏறக்குறைய எல்லாத் திசுவும் இவற்றைத் தயாரிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது, பெயர் மாறவில்லை. வலியில் அதிகம் அடிபடுவது அவற்றில் பி.ஜி.இ2 என்ற வகை.

அடுத்து பிராடிகைனின். 1949-ல் பிரேசிலில் ரோச்சா இ சில்வாவும் கூட்டாளிகளும் ஒரு விரியன் பாம்பின் விஷத்தை ரத்தப் பிளாஸ்மாவோடு சேர்த்தபோது அகப்பட்டது. இது நரம்பை நேரடியாகவே கிளப்பிவிடக்கூடியது.

பிறகு சைட்டோகைன்கள்: டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6. இவை மேஸ்திரி மாதிரி. தாங்களும் கொஞ்சம் வேலை செய்யும், ஆனால் முக்கியமாக மற்ற செல்களை வேலை வாங்கும். புரோஸ்டகிளாண்டின் உற்பத்தியை முடுக்கிவிடுவதும் இவைதான். கடைசியாக நரம்பு வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக என்.ஜி.எஃப். எலும்பு வலிக்கு வரும்போது இதைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கும்.

இவை நரம்பைக் குத்துவதால்தான் வலிக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பி.ஜி.இ2 பொதுவாகத் தானாக வலியைக் கொடுப்பதில்லை. வேறு எதற்காகவாவது நரம்பு சேதி அனுப்ப வேண்டிய எல்லையைக் கீழே இறக்கிவிடுகிறது, அவ்வளவுதான். உதாரணத்துக்கு, வலி நரம்புகளின் முனையில் டிஆர்பிவி1 என்று ஒரு கதவு இருக்கிறது. 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழு அதன் மரபணுவைக் கண்டுபிடித்தது. 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இதற்குப் பெரிய பங்கு. சாதாரண நிலையில் அந்தக் கதவு சுமார் 43 டிகிரி செல்சியஸில் திறக்கும். அதற்கு மேலே சூடு போனால் ‘சுடுது’ என்று நரம்பு கத்தும். அழற்சி வந்த இடத்தில் பி.ஜி.இ2, பிராடிகைனின், அமிலம் எல்லாம் சேர்ந்து அந்தக் கதவின் தாழ்ப்பாளைத் தளர்த்திவிடுகின்றன. அப்போது உடம்பின் சாதாரணச் சூடே அதைத் திறக்கப் போதும்.

யோசித்துப் பாருங்கள்: 37 டிகிரியில் இருக்கும் உங்கள் உடம்பே அந்த நரம்புக்குத் தீப்பட்ட மாதிரி. வெயிலில் கன்றிய தோளில் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டாலே அலறுகிறோமே, அதுவும் இதே கதைதான். ‘ஒன்றுமே செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன், வலிக்க ஆரம்பித்துவிட்டது’ என்று பல்வலிக்காரர்கள் சொல்வதில் பொய்யே இல்லை.

பல்லில் மட்டும் ஏன் இவ்வளவு மோசமாக வலிக்கிறது?

பல்லின் நடுவில் பற்கூழ் என்று மென்மையான ஒரு திசு இருக்கிறது. ரத்தக்குழாய், நரம்பு, செல்கள் எல்லாம் அதற்குள். சுற்றிலும் டென்டின் என்ற கெட்டியான திசு, அதற்கு வெளியே எனாமல். வேரின் நுனியில் ஊசிமுனை அளவு துளை. ரத்தம் வருவதும் போவதும் அந்த வழியாகத்தான். கையில் அடிபட்டால் தோல் விரிந்து கொடுக்கும், வீக்கம் வெளியே தெரியும். பற்கூழ் வீங்கினால் எங்கே போகும்? சுவர் அசையாது. அதனால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது.

முன்பெல்லாம், இந்த அழுத்தத்தில் வேர்நுனியில் ரத்தக்குழாய் நசுங்கிப் பற்கூழ் முழுவதும் ஒரேயடியாகச் செத்துவிடும் என்று பாடத்தில் இருந்தது. அது அப்படியில்லை என்று பிறகு அளந்து பார்த்தார்கள். அழுத்தம் அழற்சி இருக்கும் மூலையில் மட்டும்தான் ஏறுகிறது. கொஞ்சம் தள்ளி இயல்பாக இருக்கிறது. அழுகல் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்குகிறது. பல் சில நாட்களோ சில வாரங்களோ விட்டுவிட்டு வலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் நடக்கிறது. சொத்தைக்கு நேர் கீழே இருக்கும் நரம்பிழைகள் சும்மா கிடப்பதில்லை, கிளைவிட்டு அடர்த்தியாகின்றன. என்.ஜி.எஃப். அதற்கு எரு போடுகிறது. அந்த நரம்பிழைகளே தம் பங்குக்குச் சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி. என்ற இரண்டு பொருள்களைக் கக்குகின்றன. அவை ரத்தக்குழாயை இன்னும் விரிக்கின்றன, கசிவு கூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது, நரம்பு மறுபடி உசுப்பப்படுகிறது. சேதியைக் கொண்டுபோக வேண்டியவனே தீயில் எண்ணெய் ஊற்றுகிற கதை.

போதாக்குறைக்கு, பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உள்ள நச்சு சில வலி நரம்புகளோடு நேரடியாகவே பேசுகிறது. அதை அடையாளம் காணும் ஏற்பி முகத்துக்கு வரும் முப்பிரிவு நரம்பின் இழைகளிலேயே இருக்கிறது. வெள்ளணு வந்து சொல்லும்வரை நரம்பு காத்திருப்பதில்லை.

பல் கூச்சமும் இதே வகையா?

ஆரம்பத்தில் இல்லை. குளிர்ந்தது பட்டதும் ‘சுருக்’ என்று வந்து, எடுத்ததும் போய்விடுகிற கூச்சம் உண்டாகும் விதம் வேறு. டென்டினில் நுண்ணிய குழல்கள் உண்டு, அவற்றில் திரவம் இருக்கும். குளிர் பட்டால் அந்தத் திரவம் நகர்ந்து உள்ளே நரம்பை இழுக்கும். 1960-களில் ஸ்வீடனின் பிரான்ஸ்ட்ரோம் இதை விளக்கினார். அந்தச் சுருக்கைக் கொண்டுபோவது வேகமான ஏ-டெல்டா இழைகள்.

அழற்சி வலியை அதிகம் சுமப்பது மெதுவான சி இழைகள். அது மந்தமாக, ஆழமாக, ‘விண் விண்’ என்று இருக்கும், எடுத்தவுடன் போகாது. பல் மருத்துவர் குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்து எடுத்துவிட்டு, ‘இன்னும் இருக்கிறதா, இன்னும் இருக்கிறதா’ என்று கேட்பது இதற்காகத்தான். உடனே போனால் பற்கூழ் தேறலாம். அரை நிமிடம் கழித்தும் வலி நின்று பிடித்தால் வேர் சிகிச்சையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

விண் விண் என்று தெறிப்பது நாடித் துடிப்புதானே?

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ரத்தம் ஒவ்வொரு முறை பாயும்போதும் வீங்கிய இடம் இடிபடுகிறது என்ற விளக்கம் கேட்க ரொம்பப் பொருத்தமாக இருக்கும். ஆனால் 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் பல்வலிக்காரர்களிடம் தெறிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லி, அதே நேரம் நாடியையும் பதிவு செய்தார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. தெறிப்பு நாடியைவிட நன்றாகவே மெதுவாக இருந்தது. அந்தத் தாளம் மூளையின் பக்கத்திலிருந்து வருவதாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

ராத்திரியில் ஏன் அதிகமாகிறது?

படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடுகிறது. விரிய இடமில்லாத பற்கூழுக்கு அதுவே போதும். இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து படுத்தால் சிலருக்குக் கொஞ்சம் தேவலை என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம். அப்புறம், அழற்சியை அடக்கி வைக்கும் கார்ட்டிசால் ஹார்மோன் நள்ளிரவை ஒட்டித்தான் மிகக் குறைவு. பகலில் இருக்கிற கவனச்சிதறலும் அப்போது இல்லை. இரவு 2 மணிக்கு அந்தப் பல்லைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றுமே இருக்காது.

எந்தப் பல் வலிக்கிறது என்றே சொல்ல முடியவில்லையே?

எனக்கே நடந்திருக்கிறது. மேல் கடைவாய்ப்பல் என்று சத்தியம் செய்தேன், மருத்துவர் ஒவ்வொன்றாகத் தட்டியும் குளிர் வைத்தும் பார்த்தார், கீழ்ப்பல் மாட்டியது. அவர் சிரிக்கக்கூட இல்லை, தினமும் பார்ப்பது போல.

பற்கூழின் நரம்புகளுக்கு வலி தெரியும், இடம் தெரியாது. இடம் சொல்லும் உணர்விகள் பல்லை எலும்போடு பிணைக்கும் தசைநாரில்தான் இருக்கின்றன. கூடவே மேல் தாடை, கீழ்த் தாடை, காது, நெற்றிப்பொட்டு ஆகியவற்றிலிருந்து வரும் இழைகள் மூளைத்தண்டில் ஒரே முப்பிரிவு நரம்புக் கருவில் வந்து, பல சமயம் ஒரே செல்லின்மேல் விழுகின்றன. சேதி எங்கிருந்து வந்தது என்று மூளை குழம்பிவிடுகிறது. அழற்சி வேர்நுனியைத் தாண்டித் தசைநாருக்கு வந்தபிறகு நிலைமை மாறும். அப்போது விரல் நுனியால் தட்டினாலே ‘இதேதான்’ என்று சொல்லிவிடுவீர்கள். கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் உயர்ந்து நிற்பது போலவும் இருக்கும். வீங்கிய தசைநார் பல்லை மயிரிழை அளவு வெளியே தள்ளியிருக்கும், அதனால்தான்.

வலி தானாகவே நின்றுவிட்டது. சரியாகிவிட்டதா?

சில சமயம் ஆம்; ஆழமில்லாத அழற்சி அடங்கும். ஆனால் நாள்கணக்கில் கொன்றெடுத்த வலி ஒரே இரவில் காணாமல் போனால் சந்தேகப்படுங்கள். பற்கூழ் செத்துப்போனால் அதிலிருந்த நரம்பும் செத்துவிடும், சேதி சொல்ல ஆளில்லை. பாக்டீரியா அப்படியே இருக்கும். சில வாரமோ சில மாதமோ கழித்து வேர்நுனி எலும்பில் அழற்சியாகத் தலைகாட்டும். அதையும் வலியில்லாமல் எக்ஸ்ரேயில் மட்டும் கருப்பு வட்டமாகப் பார்க்கிறவர்கள் உண்டு.

எலும்புக்கு நரம்பு இருக்கிறதா? அது வெறும் சுண்ணாம்பு இல்லையா?

இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. எலும்பைச் சுற்றி ஒட்டியிருக்கும் மெல்லிய மேலுறையில்தான் அடர்த்தி அதிகம். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் இடித்துக்கொண்டவர்களுக்கு விளக்கமே வேண்டாம். உள்ளே மஜ்ஜையிலும் கெட்டிப்பகுதியிலும் ரத்தக்குழாயை ஒட்டியபடி இழைகள் ஓடுகின்றன. நரம்பே இல்லாதது மூட்டுக் குருத்தெலும்பு. ‘குருத்தெலும்பு தேய்ந்ததால் வலிக்கிறது’ என்று சொல்லும்போது, உண்மையில் வலிப்பது அதைச் சுற்றியுள்ள உறையும் அதற்கு அடியில் இருக்கும் எலும்பும்தான்.

எலும்பு வலியில் எந்த மூலக்கூறு முக்கியம்?

இரண்டு விஷயங்கள் எலும்புக்கே உரியவை.

ஒன்று அமிலம். எலும்பு சதா கரைந்து மறுபடி கட்டப்படும் பொருள். கரைக்கும் வேலை ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற பெரிய செல்களுடையது. அவை எலும்பின்மேல் ஒட்டிக்கொண்டு, அடியில் அமிலத்தைச் சுரந்து தாது உப்பைக் கரைக்கின்றன, அங்கே பி.எச். 4.5 வரை இறங்கும். பக்கத்தில் உள்ள வலி நரம்புகளுக்கு அமிலம் உணரும் கதவுகள் உண்டு, டிஆர்பிவி1-க்கும் அமிலம் ஆகாது. ஆஸ்டியோகிளாஸ்ட்டை உருவாக்கச் சொல்லும் மூலக்கூறின் பெயர் ரேங்க்-எல். டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, பி.ஜி.இ2 மூன்றும் ரேங்க்-எல்லைக் கூட்டிவிடுகின்றன. எலும்புக்குப் பரவிய புற்றுநோயில் ஆஸ்டியோகிளாஸ்ட்டை அடக்கும் மருந்து கொடுத்தால் பலருக்கு வலியும் ஓரளவு குறைவதற்கு இதுதான் காரணம்.

மற்றது என்.ஜி.எஃப். இதைக் கண்டுபிடித்த ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986-ல் நோபல் பெற்றார்கள். கருவில் நரம்பு வளர இது வேண்டும். வளர்ந்தவர்களில் இது வலியைக் கூட்டும் சரக்காக மாறிவிடுகிறது. எலும்புக்கு வரும் வலி இழைகளில் பெரும்பாலானவற்றுக்கு என்.ஜி.எஃப். ஏற்பி உண்டு. தோலில் அப்படியில்லை, பல வகை இழைகள் கலந்து கிடக்கும். அதனால் எலும்பில் என்.ஜி.எஃப். கொஞ்சம் கூடினாலும் ஏறக்குறைய மொத்த நரம்புக் கூட்டமும் விழித்துக்கொள்கிறது.

ஒரே ஒரு மூலக்கூறால் எலும்பு வலிக்கும் என்பதற்கு நேரடி உதாரணம் உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்று ஒரு தீங்கற்ற கட்டி. பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும், தொடை எலும்பிலோ கீழ்க்கால் எலும்பிலோ வரும். அதன் மையக்கரு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகாது. ஆனால் அந்தச் சின்ன உருண்டை பி.ஜி.இ2-வை ஆலை மாதிரி தயாரிக்கிறது. பையன் ராத்திரியில் காலைப் பிடித்துக்கொண்டு எழுவான். பகலில் பரவாயில்லை. ‘வளர்ச்சி வலி’ என்று சொல்லி மாதங்கள் ஓடிவிடும். ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ கொடுத்தால் வலி சட்டென்று அடங்கும். இதைக் கேட்டதுமே மருத்துவருக்குப் பொறி தட்டிவிடும். ஸ்கேனில் கருவைக் கண்டுபிடித்து ஊசி வழியாகச் சூட்டால் பொசுக்கினால், பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களிலேயே வலி போய்விடுகிறது.

அப்படியானால் எலும்பு கரைந்தாலே வலிக்க வேண்டுமே?

நியாயமான கேள்வி. ஈறு நோய் முற்றியவர்களைப் பாருங்கள். இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப்., பி.ஜி.இ2, ரேங்க்-எல் எல்லாம் அங்கே கொட்டிக் கிடக்கும், பல்லைத் தாங்கும் எலும்பு பாதி கரைந்திருக்கும், பல் ஆடும். வலி? பெரும்பாலும் இருக்காது, துலக்கும்போது ரத்தம் வரும் அவ்வளவுதான். எலும்பின் அடர்த்தி குறையும் ஆஸ்டியோபோரோசிஸ் நோயும் எலும்பு முறியும்வரை பெரும்பாலும் வலிப்பதில்லை.

மூலக்கூறு இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் இதில் தெரிகிறது. எவ்வளவு வேகமாகக் கூடியது, எந்த நரம்பின் அருகில், வீக்கம் வெளியேற வழி இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் வரும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உண்டாகும் ஈற்றுப்பையில் திரவம் வாய்க்குள் கசிந்து போய்விடுகிறது, அழுத்தம் ஏறுவதில்லை. அதே பையின் வாய் அடைபட்டுச் சீழ் கட்டினால் அப்புறம் தெரியும் சேதி. ஆகவே வலியின் அளவை வைத்துச் சேதத்தின் அளவைக் கணக்கிடாதீர்கள்.

வலி மாத்திரை இதில் எங்கே வெட்டுகிறது?

புரோஸ்டகிளாண்டின் தயாரிப்பில் காக்ஸ் என்ற நொதி ஒரு முக்கியக் கட்டம். ஆஸ்பிரின் அதைத் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971-ல் காட்டினார். 1982 நோபலில் அவருக்குப் பங்கு. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவையும் அங்கேதான் வெட்டுகின்றன. ஏற்கெனவே உற்பத்தியான சரக்கை அவை துடைப்பதில்லை, புதிய வரத்தைத்தான் நிறுத்துகின்றன. பிராடிகைனினையும் டி.என்.எஃப்-ஐயும் தொடுவதில்லை. மாத்திரை போட்டும் ‘கொஞ்சம் குறைந்தது, போகவில்லை’ என்று பலர் சொல்வதில் வியப்பில்லை.

பாராசிட்டமால் வேறு வழி. அது அழற்சி இடத்தைவிட மூளை, தண்டுவடத்தின் பக்கம்தான் அதிகம் வேலை செய்கிறது. அதனால்தான் பல் பிடுங்கியபின் ஐபுப்ரோஃபெனையும் பாராசிட்டமாலையும் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நன்றாகக் கேட்கிறது. ஸ்டீராய்டுகள் காக்ஸுக்கும் ஒரு படி மேலே போய் மூலப்பொருள் வெளிவருவதையே குறைக்கின்றன. பலனும் பெரிது, பக்கவிளைவும் பெரிது.

எச்சரிக்கை இரண்டு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஐபுப்ரோஃபென் வகையைக் கேட்காமல் தொடக்கூடாது. வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் புரோஸ்டகிளாண்டின்தான். பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக்கூடாது. சளி மாத்திரைகளிலும் அது ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

ஆன்டிபயாட்டிக் போட்டால் வலி குறையுமா?

பற்கூழ் அழற்சி வலிக்கு, குறையாது. வலி பெரும்பாலும் பாக்டீரியாவால் அல்ல, அதற்கு உடல் காட்டும் எதிர்வினையால். செத்துக்கொண்டிருக்கும் பற்கூழுக்குள் ரத்த ஓட்டமும் குறைவு, மருந்து போய்ச் சேராது. முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, தொற்று பரவுகிறது என்றால் கதையே வேறு, அப்போது வேண்டும். மற்றபடி பல்லைத் திறந்து அழற்சித் திசுவை எடுப்பதுதான் வலிக்கு மருந்து. திறந்த சில மணி நேரத்தில் கிடைக்கிற நிம்மதியை எந்த மாத்திரையும் தராது.

மரத்துப்போகும் ஊசி போட்டும் வலித்ததே, ஏன்?

உங்கள் கற்பனை இல்லை. கீழ்க்கடைவாய்ப் பல்லில் கடுமையான பற்கூழ் அழற்சி இருந்தால் இது அடிக்கடி நடக்கும். உதடு மரத்திருக்கும், பல் மரக்காது. அழற்சி இடம் அமிலமாக இருப்பதால் மருந்து நரம்புக்குள் நுழையாது என்பது பழைய விளக்கம். ஆனால் அந்த ஊசி போடும் இடம் பல்லிலிருந்து வெகுதூரம், தாடையின் பின்பக்கம். அங்கே அமிலம் ஏது? நரம்பே மாறிவிடுகிறது என்பதுதான் இன்னும் பொருந்துகிறது. பி.ஜி.இ2-வும் என்.ஜி.எஃப்-உம் நரம்பு சேதி அனுப்பத் திறக்கும் சோடியம் வாயில்களில் சில வகைகளைக் கூட்டிவிடுகின்றன. அவற்றில் சில, மரப்பு மருந்துக்கு எளிதில் மசியாதவை. மருத்துவர்கள் பல்லின் பக்கத்திலேயோ பற்கூழுக்குள்ளேயோ கூடுதல் ஊசி போடுவார்கள். சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பு ஐபுப்ரோஃபென் கொடுத்து வைப்பதும் உதவுகிறது. வலித்தால் கையைத் தூக்குங்கள், சகித்துக்கொள்ள வேண்டியதில்லை.

பல்லுக்குக் கம்பி போட்டால் வலிப்பதும் இதுதானா?

ஆம். பல் நகர வேண்டுமென்றால் ஒருபக்கம் எலும்பு கரைய வேண்டும். அதற்கு அழற்சி தூதர்கள் வேண்டும். கம்பியை முறுக்கிய சில மணி நேரத்தில் ஆரம்பித்து, மறுநாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கும். பி.ஜி.இ2-வை அடக்கினால் பல் நகர்வதும் மெதுவாகலாம் என்பதால் பல மருத்துவர்கள் இங்கே பாராசிட்டமாலைத்தான் சொல்வார்கள்.

சைட்டோகைன்களையே தடுக்கும் மருந்துகள் உண்டா?

மூட்டுவாத நோயில் டி.என்.எஃப். தடுப்பு மருந்துகள் 1990-களின் கடைசியில் வந்தன, பலரின் வாழ்க்கையையே மாற்றின. ஒரு வேடிக்கை: சிலருக்கு மூட்டு வீக்கம் இறங்குவதற்கு முன்பே, ஓரிரு நாளில் வலி குறைந்துவிடுகிறது. டி.என்.எஃப். நரம்போடும் பேசுகிறது என்பதற்கு இது ஒரு தடயம்.

என்.ஜி.எஃப்-ஐத் தடுக்கும் டனெசுமாப் மருந்தின் கதை அவ்வளவு இனிமையில்லை. மூட்டுத்தேய்வு வலி நன்றாகவே குறைந்தது. ஆனால் சிலருக்கு மூட்டு வழக்கத்தைவிட வேகமாகச் சிதைந்தது. 2010-ல் அமெரிக்காவில் சோதனைகள் நிறுத்தப்பட்டு, பிறகு நிபந்தனையோடு தொடர்ந்தன. 2021-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 19-க்கு 1 என்று எதிராக வாக்களித்தது, நிறுவனமும் கைவிட்டது.

எலும்பைக் கரைக்காமல் தடுக்கும் டெனோசுமாப், பிஸ்பாஸ்பொனேட் மருந்துகளை எடுப்பவர்கள் பல் பிடுங்கப்போகும் முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அரிதாகத் தாடையெலும்பு ஆறாமல் செத்துப்போவதுண்டு.

கிராம்பு எண்ணெய் வேலை செய்கிறதா, வெறும் நம்பிக்கையா?

வேலை செய்கிறது, கொஞ்ச நேரத்துக்கு. அதிலுள்ள யூஜினால் நரம்பின் சில வாயில்களை மூடுகிறது. பல்லில் குளிரை உணரும் டிஆர்பிசி5 என்ற கதவைப் பற்றி 2021-ல் ஓர் ஆய்வு வந்தது. யூஜினால் அதையும் அடைக்கிறது. நேராக ஊற்றினால் ஈறு புண்ணாகும், ஒரு துளி பஞ்சில் போதும். சிறு குழந்தைகளுக்கு வேண்டாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

வாய்க்கு அடிப்பகுதியோ கழுத்தோ வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ வாய் திறக்கவோ கஷ்டமாக இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். தாடை வலியோடு நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சிரைப்பு இருந்தால் அது பல்லே இல்லாமல் இதயமாக இருக்கலாம். எலும்பு வலியோடு காய்ச்சல், அல்லது அடிபடாமலே நாளுக்கு நாள் கூடி இரவில் எழுப்பும் வலி என்றால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

ஆஸ்பிரினை வலிக்கிற பல்லின் மேலேயே வைத்துக்கொண்டால் சீக்கிரம் கேட்குமா?

கேட்காது. அது அமிலம்; ஈறும் கன்னத்தின் உட்பக்கமும் வெள்ளையாக வெந்துபோகும். மாத்திரை ரத்தத்தில் கலந்துதான் பற்கூழுக்குப் போக வேண்டும், அதனால் விழுங்குங்கள்.